வரைபடம் வருமுன்னே விலைபோகும் வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது நம்மவர் பழமொழி. அந்தக் காலத்தில் வீடு கட்டியவர் பட்ட தொல்லைகள் யாவரும் அறிந்தவை. மேசன் சொன்ன நாளில் வரமாட்டான். மரத்தின் விலை திடீரென்று ஏறிவிடும். கூரை போடுமுன்னே கையிருப்புக் கரைந்துவிடும். எனினும், காணி அவர் கண்முன்னே கிடந்தது. அத்திவாரம் வெட்டியதை அவரே நின்று பார்த்தார். சுவர் எழ எழத்தான் பணமும் கைமாறியது.

இன்று பெருநகரங்களில் வீடு வாங்கும் காட்சியே வேறு. குளிரூட்டப்பட்ட மண்டபம் ஒன்று. அதன் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக் கட்டடம். சுற்றிலும் பஞ்சினாற் செய்த மரங்கள். நீலக் கண்ணாடித் துண்டில் ஒரு நீச்சல் தடாகம். விரலளவு மோட்டார் வண்டிகள். புன்னகை மாறாத இளைஞர் ஒருவர் சிறு கோலினாற் சுட்டி, "இதோ பாருங்கள், பதினான்காம் மாடி, கிழக்கு வாசல், கடற்காற்று" என்கிறார். தகப்பனார் தலையசைக்கிறார், தாயார் சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்கிறார், பிள்ளைகள் தடாகத்தைப் பார்த்தபடி நிற்கின்றனர். மாலைக்குள் முற்பணக் காசோலை எழுதப்பட்டுவிடுகிறது.

அந்தப் பதினான்காம் மாடி இன்னும் கட்டப்படவில்லை என்பது அக்குடும்பத்துக்குத் தெரியும். ஆனால், அந்த நிலத்திலே பதினான்கு மாடி கட்டுவதற்கு எந்த அதிகாரியும் இன்னும் அனுமதி வழங்கவில்லை என்பது பல வேளைகளில் அவர்களுக்குத் தெரிவதில்லை. முதலாவதைத் தெரிந்துகொண்டு வாங்குவது ஒரு வியாபாரம். இரண்டாவதைத் தெரியாமல் வாங்குவதை என்னவென்று சொல்வது? இந்த இரண்டாவது வகை விற்பனையைச் சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்தலாம் என்னும் கேள்வி பல நாடுகளில் எழுந்திருக்கிறது. அயல்நாடாகிய இந்தியா அதற்கு ஒரு விடையையும், கனடாவின் மேற்குக் கரையிலுள்ள ஒரு மாகாணம் வேறொரு விடையையும் கண்டுள்ளன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, வீடு வாங்க எண்ணியிருக்கும் குடும்பத்தாருக்கும், சட்டமும் பொருளாதாரமும் பயிலும் மாணவருக்கும் பயன் தரக்கூடும்.

பூவை விற்ற ஊர்

கட்டி முடியாத வீட்டை விற்கும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1950களில் ஹொங்கொங் நகரம் அகதிகளால் நிரம்பி வழிந்தது. முழுப் பணமும் கொடுத்து வீடு வாங்கக் கூடியவர் மிகச் சிலர். அக்காலத்தில் ஹென்றி பொக் என்னும் வணிகர், கட்டடம் எழும்புமுன்னரே அதிலுள்ள வீடுகளைத் தனித்தனியாக விற்று, பணத்தைத் தவணை தவணையாக வாங்கும் முறையைப் பரப்பினார். சீன மொழியில் இத்தகைய வீட்டுக்கு வழங்கிய பெயர் மிகவும் அழகானது. அதனை 'மாடிப் பூ' என்று தமிழாக்கலாம். காய்க்குமுன்னே பூவை விலைபேசுதல் என்பது கருத்து. நம் ஊரில் மாந்தோப்பைப் பூக்காலத்திற் குத்தகைக்குக் கொடுப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பூவெல்லாம் காயாகாது என்பதையும் தோப்புக்காரர் அறிவர். ஹொங்கொங்கிலும் அவ்வாறே நேர்ந்தது. எனவே 1961இல் அந்நகர அரசாங்கம் 'இசைவுத் திட்டம்' ஒன்றைக் கொண்டு வந்தது. அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற நிலத்திலே கட்டி முடியாத வீடுகளை விற்பதற்கு, நிபந்தனைகளை நிறைவேற்றி முன்கூட்டியே இசைவு பெறவேண்டும் என்பதே அதன் சாரம்.

முன்விற்பனையை ஒரேயடியாகப் பழிப்பது நியாயமாகாது. நடுத்தரக் குடும்பம் தவணை முறையிலே வீடு பெறுவதற்கு அது வழி திறந்தது. கட்டுபவருக்கும் வங்கிக் கடனின் சுமை குறைந்தது. ஆனால், அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு விற்பது ஒன்று. வரைபடமே இல்லாமல் விற்பது வேறொன்று. மாந்தோப்பு உவமையையே நீட்டிச் சொல்வதானால், பின்னது மரம் நடுமுன்னே விளைச்சலுக்கு விலைபேசுவது போன்றது.

பதினான்காம் மாடி எங்கே?

வரைபட அனுமதி என்பது அதிகாரி ஒருவர் வைக்கும் முத்திரை மாத்திரமே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அந்த நிலத்திலே எத்தனை மாடி எழும்பலாம், எத்தனை வீடுகள் அமையலாம், கட்டடத்தைச் சுற்றி எவ்வளவு வெளி விடவேண்டும் என்பனவெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. சென்னை போன்ற நகரத்தில் ஒரு நிலத்தின் பரப்புக்கு ஏற்ப எவ்வளவு தளப்பரப்பைக் கட்டலாம் என்பதற்கு விகிதம் உண்டு. முன்னாலுள்ள தெருவின் அகலத்தைப் பொறுத்துக் கட்டடத்தின் உயரம் அமையும். தீயணைப்புத் துறையினர் பார்க்கவேண்டும். விமான நிலையம் அருகிலிருந்தால் உயரத்துக்குத் தனி இசைவு வேண்டும். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரையும் அதற்கு மேலும் எட்டுமாயின், 2006ஆம் ஆண்டு அறிவித்தலின்படி சுற்றுச்சூழல் அனுமதியும் பெறவேண்டும். கடற்கரையோரமாயின் அதற்குரிய கட்டுப்பாடுகள் வேறு.

இவற்றுள் ஏதேனும் ஒன்று தடைப்பட்டால், பதினான்கு மாடிக் கனவு பத்து மாடியிலே நின்றுவிடும். அப்போது பதினோராம் மாடி முதற் பதினான்காம் மாடி வரை வாங்கியவர்களின் வீடு எங்கே இருக்கிறது? காகிதத்திலும் இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தியாவில் அடுக்குமாடி வீடு வாங்குவோர், கட்டடம் நிற்கும் நிலத்திலே 'பிரிபடாத பங்கு' ஒன்றையும் தம் பெயருக்கு எழுதிக்கொள்கின்றனர். மக்கள் வழக்கில் அதற்கு 'யூ.டி.எஸ்.' என்று பெயர். 10,000 சதுர அடி நிலத்திலே 50 வீடுகள் சம அளவிற் கட்டினால், ஒரு வீட்டுக்கு 200 சதுர அடி நிலம் பங்காக வரும். பின்னர் அனுமதி பெறும்போது 80 வீடுகள் என்று வரைபடம் மாறுமாயின், அந்தப் பங்கு 125 சதுர அடியாகச் சுருங்கிவிடும். ஆகவே, வரைபடம் முடிவாகுமுன்னே நிலப்பங்கை விற்பவர் எந்த எண்ணால் வகுத்து விற்கிறார் என்பது அவருக்கே நிச்சயமில்லை. இவ்வாறிருந்தும், ஹைதராபாத் நகரைச் சுற்றி அண்மை ஆண்டுகளில் இந்தப் பங்கு விற்பனை பெருகியது. வரைபடத்துக்கு முன்னரே, முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கொடுத்தால் விலையிற் பெரிய கழிவு என்று சொல்லி விற்றனர். அங்குள்ள ஒழுங்குமுறை அதிகாரசபை, இத்தகைய விற்பனையில் அகப்பட வேண்டாமென்று மக்களை வெளிப்படையாக எச்சரிக்க நேர்ந்தது.

மலிவு மெய்யாகவே மலிவா?

மக்கள் ஏன் இதில் விழுகின்றனர் என்று கேட்பவர்கள், அந்தக் கழிவுத் தொகையை ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அனுமதி பெற்ற பின் 60 இலட்சம் ரூபாவுக்கு விற்கப்போகும் வீட்டை, இப்போதே முழுப் பணத்தையும் கொடுத்தால் 45 இலட்சத்துக்குத் தருவதாகச் சொல்கின்றனர். 15 இலட்சம் மிச்சம்! அவருடைய சேவைக்காலச் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு காசோலையிற் போகிறது.

அதே 45 இலட்சத்தை நூற்றுக்கு 8 வீதம் கூட்டுவட்டி தரும் வைப்பிலே நான்கு ஆண்டுகள் இட்டிருந்தால் அது 61 இலட்சத்து 22 ஆயிரமாக வளர்ந்திருக்கும். அனுமதிக்கு ஓர் ஆண்டு, கட்டுவதற்கு மூன்று ஆண்டு என்று கொண்டால், நான்கு ஆண்டு என்பது மிகையான கணக்கன்று. ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்து, சொன்ன நாளிலே திறவுகோல் கைக்கு வந்தாலும், அந்த ஆசிரியர் ஒரு சதமும் மிச்சம் பிடிக்கவில்லை. தம்முடைய பணத்தைக் கட்டுபவருக்கு நான்கு ஆண்டுகள் கடனாகக் கொடுத்து, அதற்குரிய வட்டியையே கழிவு என்ற பெயரிலே பெற்றிருக்கிறார். வங்கி அதே மனிதருக்குக் கடன் கொடுப்பதானால் ஈடு கேட்கும்; காணி உறுதியைப் பார்க்கும்; வழக்கறிஞரிடம் அபிப்பிராயம் கேட்கும். நம் ஆசிரியரோ ஈடில்லாமற் கொடுத்துவிட்டார். ஏதேனும் பிசகினால் முதலுக்கே மோசம்.

இந்தக் கணக்கை மாணவர்கள் தங்கள் வீட்டாருக்கு ஒருமுறை போட்டுக் காட்டினால் நல்லது. கூட்டுவட்டி என்பது பரீட்சைக்கு மாத்திரம் உரிய பாடமன்று.

இந்தியா கண்ட விடை

2016 மார்ச்சு மாதம் இந்தியப் பாராளுமன்றம் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டத்தை நிறைவேற்றியது. 'ரேரா' என்னும் சுருக்கப் பெயரே இன்று வழக்கில் உள்ளது. 2017 மே 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான மாநிலங்களில் அதிகாரசபைகள் அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டு அதிகாரசபையின் எல்லைக்குள் அந்தமான் நிக்கோபார் தீவுகளும் அடங்கும்.

அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு நாம் எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நிலை. அதிகாரசபையிற் பதிவு செய்யாமல் எந்தக் கட்டடத் திட்டத்தையும் விளம்பரப்படுத்தவோ, சந்தைப்படுத்தவோ, முன்பதிவு செய்யவோ, விற்கவோ, எவ்வகையிலேனும் வாங்குமாறு அழைக்கவோ கூடாது. பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது அனுமதி பெற்ற வரைபடத்தையும், கட்டுமானம் தொடங்குவதற்கான சான்றிதழையும் இணைத்தே கொடுக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வரைபடம் இல்லையேல் பதிவு இல்லை. பதிவு இல்லையேல் விளம்பரமும் இல்லை என்றாகிறது. விண்ணப்பம் கிடைத்து 30 நாளைக்குள் அதிகாரசபை முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டாற் பதிவானதாகவே கொள்ளப்படும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டத்துக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டத்துக்கும் பதிவு வேண்டியதில்லை. இந்த விலக்கு அவ்வளவு நல்லதன்று என்பது என் எண்ணம். சிறிய தொகுதியில் வீடு வாங்குபவர் பெரும்பாலும் சிறிய சேமிப்புக்காரரே.

மீறுபவருக்குத் திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவிலே நூற்றுக்கு 10 வீதம் வரை தண்டம் விதிக்கலாம். அதன் பின்னும் மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியுமுன் விலையிலே நூற்றுக்கு 10 வீதத்துக்கு மேல் முற்பணம் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் நூற்றுக்கு 70 வீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் இட்டு, வேலை முன்னேறிய அளவுக்கே எடுக்கவேண்டும். பொறியியலாளர், கட்டடக்கலைஞர், கணக்காளர் ஆகிய மூவரும் சான்று கூறிய பின்னரே எடுக்கலாம்.

இத்தனை கடுமை எதற்கு என்று கேட்கத் தோன்றும். டில்லிக்கு அருகேயுள்ள நொய்டா என்னும் புதுநகரம் அதற்கு விடை சொல்லும். அங்கே ஆம்ரபாலி என்னும் குழுமத்திடம் 42,000க்கும் மேற்பட்டோர் வீட்டுக்குப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். ஒரு கட்டடத்துக்கென வாங்கிய பணம் வேறு வழிகளிலே திருப்பப்பட்டது என்று கண்ட இந்திய உச்ச நீதிமன்றம், 2019 ஜூலை 23இல் அக்குழுமத்தின் பதிவை இரத்துச் செய்து, எஞ்சிய வேலையை முடிக்கும் பொறுப்பை அரசாங்க நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. பணம் ஒரு கணக்கில் தனியே கிடக்கவேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவதன் நியாயம் இதிலிருந்து விளங்கும்.

அதே நகரில் நிகழ்ந்த மற்றொரு கதை, வரைபடத்தின் அருமையை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. 93-ஏ பிரிவிலே 'எமரால்டு கோர்ட்' என்ற குடியிருப்புக்கு 2005இல் முதல் வரைபடம் அனுமதிக்கப்பட்டது. பதினான்கு கட்டடங்கள், தரைத் தளத்துக்கு மேல் ஒன்பது மாடிகள். மக்கள் வாங்கிக் குடியேறினர். பின்னர் வரைபடம் திருத்தப்பட்டது; மீண்டும் திருத்தப்பட்டது. பசும்வெளி என்று குடியிருப்பாளர் நம்பியிருந்த இடத்திலே இரண்டு பெருங்கோபுரங்கள் எழும்பத் தொடங்கின. 2012இல் அளிக்கப்பட்ட திருத்தம் அவற்றை நாற்பது மாடி வரை உயர்த்த இடம் கொடுத்தது. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே 16 மீட்டர் வெளி வேண்டியிருக்க, ஒன்பது மீட்டரே விடப்பட்டது. முன்பே வீடு வாங்கியவர்களின் இசைவை எவரும் கேட்கவில்லை.

குடியிருப்பாளர் சங்கம் நீதிமன்றம் சென்றது. 2014இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இரு கோபுரங்களையும் இடிக்கும்படி தீர்ப்பளித்தது. 2021 ஆகஸ்டு 31இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்து, நகர அதிகாரிகளும் கட்டியவர்களும் கைகோத்துச் செய்த முறைகேடு இது என்று கண்டித்தது. அக்கோபுரங்களில் முதலில் வீடு பதிவு செய்திருந்தவர்கள் 633 பேர். பணம் திரும்பப் பெறாதவர்களுக்கு நூற்றுக்கு 12 வீத வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்படி ஆணை பிறந்தது. 2022 ஆகஸ்டு 28ஆம் நாள், ஏறத்தாழ 3,700 கிலோகிராம் வெடிமருந்து வைத்து, நூறு மீட்டர் உயரமிருந்த அக்கோபுரங்களைச் சில விநாடிகளிலே தரைமட்டமாக்கினர். பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்று காலையிலேயே வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அக்கோபுரங்களுக்கு வரைபட அனுமதி ஒன்று இருந்தது. அந்த அனுமதியே சட்டத்துக்கு ஒவ்வாததாக இருந்தது. அதிகாரியின் முத்திரை இருந்தும் இந்தக் கதி என்றால், முத்திரையே இல்லாத நிலையிற் பணம் கொடுப்பவர் எதை நம்பிக் கொடுக்கிறார்? இப்போதைய சட்டத்தின்படி, விற்ற பிறகு வரைபடத்தை மாற்றுவதானால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துமூல இசைவு வேண்டும். வரைபடம் கட்டுபவருடைய சொந்தக் காகிதம் என்ற நிலை மாறி, வாங்குபவருடைய உறுதியின் ஒரு பகுதி என்ற நிலை ஏற்பட்டிருக்கிறது.

முன்கதவும் பின்கதவும்

சட்டம் வந்தது, பழைய வழக்கம் ஒழிந்ததா? ஒழியவில்லை, பெயர் மாறியது. முன்பு 'பிரீ லாஞ்ச்' என்று பத்திரிகையிலே முழுப்பக்கம் விளம்பரம் செய்தவர்கள், இப்போது 'விருப்பப் பதிவு' என்கிறார்கள். "இது முற்பணமன்று, உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கும் ஒரு சிறு தொகை, பின்னர் திருப்பிக் கொடுப்போம்" என்று சொல்லிக் காசோலை வாங்குகின்றனர். வேறு சிலர் நிலப்பங்கை மாத்திரம் எழுதிக் கொடுத்து, "நாங்கள் வீடு விற்கவில்லையே, நிலந்தானே விற்றோம்" என்கின்றனர். இன்னும் சிலர் கைபேசிச் செய்தியிலே மாத்திரம் விலைப்பட்டியலை அனுப்புவர்; கடிதத்தாளில் ஒன்றும் இராது.

எவ்வகையிலும் வாங்க அழைத்தலாகாது என்று சட்டம் விரிவாகவே சொல்லியிருப்பதால், இவற்றிற் பெரும்பாலானவை அதன் பிடிக்குள் வரும்; அதிகாரசபைகள் பல தடவை தண்டமும் விதித்துள்ளன. ஆனால், அந்த 70 வீதக் காவற்கணக்கு திட்டம் பதிவான பிறகே தொடங்குகிறது. அதற்கு முன் வேறு பெயரில் வந்த பணத்துக்கு எந்தக் கணக்கும் காவலில்லை. முன்கதவால் வரும் பணத்துக்குப் பூட்டும் சாவியும் உண்டு; பின்கதவால் வரும் பணம் நேரே கட்டுபவரின் பையிற் போகிறது. எந்தக் காலத்திலே வாங்குபவருக்கு ஆபத்து மிகுதியோ, அந்தக் காலத்திலேதான் அவருடைய பணம் காவலின்றிக் கிடக்கிறது. தடை செய்துவிட்டோம் என்ற நிம்மதியில், தடையை மீறி வரும் பணத்துக்கு என்ன காவல் என்பதைச் சட்டம் இயற்றியோர் போதிய அளவு சிந்திக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

கட்டுநர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். தனியார் கட்டுநர் நிலம் வாங்குவதற்கு வங்கிகள் கடன் கொடுப்பதை இந்திய ரிசர்வ் வங்கி நெடுங்காலமாக அனுமதித்ததில்லை. நிலத்துக்குப் பெருந்தொகை முடங்கிவிடுகிறது. அதன் பின் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி அனுமதி பெறவேண்டும். அவ்வளவு காலமும் வெளியிலே வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. அந்த வட்டியையும் இறுதியில் வீட்டு விலையிலேதான் சேர்ப்பார்கள். "அனுமதியை விரைவாகக் கொடுங்கள்; அதற்கு முன் நாங்கள் ஏன் விற்கப் போகிறோம்?" என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. பதிவுக்கு 30 நாள் என்று கெடு விதித்த சட்டம், அதற்கு முந்திய வரைபட அனுமதிக்கு அத்தகைய கெடு எதையும் விதிக்கவில்லை. ஆனால், அரசாங்க அலுவலகத்தின் தாமதத்துக்கு ஓய்வூதியக்காரரின் சேமிப்பு ஏன் வட்டியில்லாக் கடனாகவேண்டும் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை.

கனடாவில் வேறொரு வழி

கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதே சிக்கலை வேறு விதமாக அவிழ்க்க முயன்றிருக்கிறது. கட்டடக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள், குறிப்பிட்ட தொகை வீடுகள் முன்பே விலைபோயிருக்க வேண்டும் என்று கேட்பது அங்கே வழக்கம். எனவே முன்விற்பனையை முற்றாகத் தடுத்தாற் கட்டடமே எழாது. அதற்காக 2004இல் இயற்றப்பட்ட சட்டமும் அதன்கீழ் வெளியிடப்பட்ட விதிகளும், கட்டட அனுமதி கிடைக்குமுன்னே விற்பதற்கு இடம் கொடுக்கின்றன. ஆனால், கயிறு கட்டித்தான் விட்டிருக்கின்றன.

முதலாவது, கட்டுநர் எல்லா விவரங்களையும் அடக்கிய வெளிப்படுத்தல் அறிக்கை ஒன்றை அரசாங்க அதிகாரியிடம் கொடுத்து, அதன் பிரதியை வாங்குபவருக்கும் கொடுக்கவேண்டும். அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்பது அதிலே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அறிக்கை கிடைத்து ஒப்பந்தம் முடிந்த பின்னரும், ஏழு நாளைக்குள் மனம் மாறினால், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். வீட்டிலே கூடிப் பேசி, "இது வேண்டாம்" என்று முடிவு செய்வதற்கு அந்த ஏழு நாள் பெரிய வரம்.

இரண்டாவது, அனுமதி விவரங்களோடு திருத்திய அறிக்கை வரும்வரை விலையில் நூற்றுக்கு 10 வீதத்துக்கு மேல் முற்பணம் கேட்கக் கூடாது. மூன்றாவது, அனுமதியைப் பெற்றுத் தெரிவிப்பதற்குக் காலக்கெடு உண்டு. முதலில் அது ஒன்பது மாதமாயிருந்தது; 2020இல் பன்னிரண்டு மாதமாக்கப்பட்டது; அதுவும் போதாதென்று கட்டுநர் வற்புறுத்தி வந்தனர். கெடு கடந்தும் திருத்திய அறிக்கை வராவிட்டால் வாங்கியவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அனுமதி வந்தபோது தம் வீட்டின் அமைப்போ அளவோ குறிப்பிடத்தக்கவாறு மாறியிருந்தாலும் அவ்வாறே.

நான்காவதே மிக முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த முற்பணம் கட்டுநர் கைக்குப் போவதில்லை. வழக்கறிஞரோ, நொத்தாரிசோ, உரிமம் பெற்ற தரகு நிறுவனமோ அதை நம்பிக்கைக் கணக்கில் வைத்திருப்பர். கட்டுநர் அதை எடுத்துச் செலவிட விரும்பினால், வாங்குபவரின் பணத்துக்குக் காப்புறுதி எடுத்துக்கொடுக்கவேண்டும். பூவுக்கு விலை பேசலாம். காசு மூன்றாம் மனிதர் மடியில் இருக்கும்.

இந்த முறையிலும் குறையில்லாமலில்லை. வெளிப்படுத்தல் அறிக்கை பல பக்கங்கள் நீளும். அதனை முழுதும் படிப்பவர் எத்தனை பேர்? வீட்டு விலை ஏறும் காலத்தில், வாங்கிய ஒப்பந்தத்தையே இலாபத்துக்குக் கைமாற்றும் சூதும் அங்கே நடந்ததுண்டு. கட்டடம் எழாவிட்டால் பணம் திரும்பி வரும். ஆனால் இடைக்காலத்தில் மற்ற வீடுகளின் விலை ஏறியிருந்தால் அந்த நட்டத்தை யாரும் ஈடு செய்வதில்லை. எனினும், முதல் தப்புகிறது. இந்தியாவில் விற்பனையைத் தடுத்தார்கள், பணத்தை மறந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் விற்பனைக்கு இடம் கொடுத்தார்கள், பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டையும் இணைத்து, 'விருப்பப் பதிவு' என்று எந்தப் பெயரிலே வாங்கினாலும் பதிவுக்கு முந்திய பணம் முழுவதும் மூன்றாம் கையிலே இருக்கவேண்டும் என்று ஒரு விதி செய்தால், பின்கதவும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். தம் கைக்கு வராத பணத்துக்காக எவரும் சட்டத்தை மீறத் துணியார்.

நம் ஊர்ப் பக்கம்

கொழும்பிலே, முக்கியமாக வெள்ளவத்தைப் பகுதியிலே, தொடர்மாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. நம் நாட்டில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தொடர்மாடி வீடு ஒவ்வொன்றையும் தனி ஆதனமாக உடைமை கொள்ள வழிவகுத்தது. புதிய தொடர்மாடி ஒன்றில் வீடு பேசுபவர், மாதிரிக் கட்டடத்தின் அழகைப் பார்த்து முடித்த பின், விற்பவரிடம் சில காகிதங்களைக் கேட்கலாம். காணியின் உறுதி யார் பெயரில் இருக்கிறது? நகர அபிவிருத்தி அதிகாரசபையோ மாநகர சபையோ கொடுத்த அபிவிருத்தி அனுமதி எங்கே? அனுமதி பெற்ற வரைபடத்தில் எத்தனை மாடி, எத்தனை வீடு? நமக்குக் காட்டும் வீடு அதிலே எந்த இலக்கம்? கட்டி முடிந்த பின் இணக்கச் சான்றிதழ் பெறும் பொறுப்பு யாருடையது? இறுதியாக, நாம் கொடுக்கும் காசோலை யார் பெயருக்கு எழுதப்படுகிறது. அனுமதி கிடைக்காவிட்டால் அது எத்தனை நாளில், எந்த வட்டியோடு திரும்பும். அது எழுத்தில் இருக்கிறதா?

இக்கேள்விகளைக் கேட்பதற்கு நம்மவர் கூச்சப்படுவதுண்டு. "தெரிந்தவர் மூலம் வந்தது, கேட்டால் என்ன நினைப்பாரோ" என்பர். சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் ஊர், குலம், உத்தியோகம் எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரிப்பவர்கள், அதைவிடப் பெருந்தொகை போகும் இடத்தில் வாய்மூடி இருப்பது வேடிக்கைதான்.

சென்னையில் உற்றார் உறவினர் வீடு வாங்குவதாக எழுதினால், அவர்களுக்கு ஒரு வரி எழுதலாம். அங்கே வெளியாகும் ஒவ்வொரு விளம்பரத்திலும் அதிகாரசபையின் பதிவு இலக்கமும் இணையத்தள முகவரியும் அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் பக்கத்தின் அடியிலே, மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். இலக்கம் இருந்தால், அந்த இணையத்தளத்திலே அனுமதி பெற்ற வரைபடத்தையே பார்த்து, பதினான்காம் மாடி மெய்யாகவே அதில் உண்டா என்று எண்ணிப் பார்க்கலாம்.